டோக்கியோ கட்டுரையில விட்டுப்போன கடைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல டோக்கியோ பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. டவர், அசகுசா கோயில், ஷிபுயா கிராஸிங், எந்த ஏரியாவுல இட்லி தோசை கிடைக்கும்ங்கிற வரைக்கும் எல்லாம் நல்லா இருந்துச்சு, வீட்டுல எல்லாருக்கும் சத்தமா படிச்சே காட்டினேன். ஆனா அந்த ஊர்ல ரயில் மாடல் விக்கிற கடைங்க இருக்கே, அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. ரயில்வேயில வேலை பார்த்தவங்க, ரயில்னா உசுருன்னு இருக்குறவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க, புள்ளைங்களைப் பார்க்க வருஷா வருஷம் ஜப்பான் போற அப்பா அம்மாக்களும் இப்ப நிறைய ஆயிட்டாங்க, அவங்களுக்கு இது தெரியாம போயிடக்கூடாதுன்னு தான் இந்தக் கடிதம்.

நான் ரயில்வேல சிக்னல் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன், பெரம்பூர்ல இருக்கேன். பொண்ணும் மாப்பிள்ளையும் டோக்கியோல நிஷி-கசாய்ல இருக்காங்க, நம்ம ஆளுங்க நிறைய பேர் குடியிருக்கிற ஏரியா அது. ஒன்றரை மாசம் அங்க இருந்தேன். முதல் வாரம் அவங்க கூட்டிட்டுப் போன இடமெல்லாம் பார்த்தேன், அதுக்கப்புறம் மாப்பிள்ளை ஒரு ரயில் கார்டை கையில குடுத்து "மாமா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி சுத்திட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாரு. அந்த அஞ்சு வாரத்துல நான் தேடித் தேடி போனது இந்தக் கடைங்களுக்குத் தான்.

முதல்ல சொல்ல வேண்டியது, இந்தக் கடைங்க தெருவுல நடந்து போனா கண்ணுல படாது. நம்ம மனசுல கடைன்னா வாசல், போர்டு, ஷோகேஸ்னு ஒரு படம் இருக்கும், அங்க அப்படி இல்ல. பெரும்பாலும் ஒடுக்கமான கட்டடத்துல மூணாவது நாலாவது மாடியில இருக்கும், கீழ மருந்துக்கடையோ நூடுல்ஸ் கடையோ இருக்கும், பக்கவாட்டுல ஒரு சின்ன லிஃப்ட், அதுக்குப் பக்கத்துல மாடிவாரியா கடைப் பேரு ஜப்பானிய எழுத்துல எழுதியிருக்கும், அவ்வளவு தான் அடையாளம். முதல் நாள் எலக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்குப் பேர் போன அகிஹபாரா ஏரியாவுல போன்ல மேப் பார்த்துக்கிட்டு ஒரே கட்டடத்தை மூணு தடவை சுத்தி வந்தேன், மேப்ல குறி கரெக்டா அங்க தான் நிக்குது, ஆனா கீழ பார்த்தா ரயிலுக்கு சம்பந்தமே இல்லாத கடை. அப்புறம் தான் மாடி நம்பரைக் கவனிச்சேன். இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கணும், அங்க தரைத்தளத்தையே 1னு தான் எண்ணுவாங்க, அதனால மேப்ல 4னு போட்டிருந்தா நாம சொல்ற மூணாவது மாடி. நான் லிஃப்டுக்குக் காத்திருக்காம படியில ஏறி நம்ம கணக்குல நாலாவது மாடிக்குப் போய் நின்னேன், அது சீட்டுக்கட்டு விக்கிற கடை, அங்க இருந்த பையன் கீழ கையைக் காட்டினான்.

வழி கேக்கும்போது "மாடல் ட்ரெயின்"னு சொன்னா பல பேருக்குப் புரியல. "டெட்சுடோ மொக்கே"ன்னு கேளுங்க, ரயில் மாடலுக்கு அவங்க வார்த்தை அது தான். இந்த ஒரு வார்த்தையைப் பேரன் எனக்கு சொல்லிக் குடுத்தான், அது இல்லாம நான் பாதி கடையைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.

புதுசா பார்க்கப் போறவங்க முதல்ல அகிஹபாரா ஸ்டேஷன் ஒட்டியே இருக்கிற யொடோபாஷி கடைக்குப் போறது நல்லது. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை, அவங்க கணக்குல 6ஆவது மாடியில பொம்மை செக்ஷனோட ரயில் மாடலும் இருக்கு, விலை எழுதி ஒட்டியிருக்கும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, ஒரு மணி நேரம் நின்னு பார்த்தாலும் பரவாயில்ல. அங்க தான் எனக்கு பொம்மைக்கும் மாடலுக்கும் அவங்க எப்படி கோடு போட்டு வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது. ஒரு பக்கம் ப்ளாரெயில், நீலக்கலர் பிளாஸ்டிக் தண்டவாளம், பேட்டரி போட்டா ஓடுற வண்டி, 1959ல இருந்து வந்துட்டு இருக்கு, ஜப்பான்ல பொறந்த குழந்தைக்கெல்லாம் தெரியும். அடுத்த வரிசையில 'என்' கேஜ். கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம், இதுல அது 9 மில்லிமீட்டர், வண்டி நிஜத்துல 150ல ஒரு பங்கு, ஓடுறது 12 வோல்ட் டிசில. ஜப்பான்ல இந்த கேஜை ஆரம்பிச்சு வெச்சது காடோ கம்பெனி, 1965ல சி50 ஸ்டீம் இன்ஜினோட. அதுக்கப்புறம் டோமிக்ஸ், மைக்ரோ ஏஸ், கிரீன்மேக்ஸ்னு நிறைய பேர் வந்துட்டாங்க. வீடு சின்னதா இருக்கிற ஊர்ல டைனிங் டேபிள் மேலயே 8 பெட்டி வண்டியை ஓட்டலாம்னா யாருக்குத் தான் பிடிக்காது.

இந்த இடத்துல என் மாதிரி ஆளுக்கு ஒரு கணக்கு மனசுல ஓடும், அதையும் எழுதிடறேன். ஜப்பான்ல சாதாரண ரயிலோட கேஜ் 1067 மில்லிமீட்டர். அதை 150ஆல வகுத்தா 7 மில்லிமீட்டர் சொச்சம் தான் வரணும், ஆனா மாடல் ஓடுற தண்டவாளம் 9. அதாவது வண்டி சரியான அளவுல இருக்கும், தண்டவாளம் மட்டும் கொஞ்சம் அகலம். புல்லட் ரயில் ஷிங்கன்சென்னுக்கு நிஜத்துல 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜ், அதை மட்டும் 160ல ஒரு பங்கா செய்யறாங்க, அது 9க்குக் கச்சிதமா பொருந்தும். அலமாரியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அடியில குனிஞ்சு பார்த்தீங்கன்னா நல்லா தெரியும். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

புது வண்டி வாங்க யொடோபாஷி போதும். ஆனா எனக்கு மனசு ஒட்டினது செகண்ட் ஹேண்ட் கடைங்க தான். அகிஹபாராவுலயே நாலஞ்சு இருக்கு, கண்ணாடி அலமாரி உசரத்துக்கு உசரம், உள்ள ஒவ்வொரு வண்டியும் புஸ்தகம் மாதிரி திறக்கிற ஒரு பிளாஸ்டிக் கேஸ்ல, ஸ்பாஞ்சுல வண்டி அளவுக்குக் குழி வெட்டி அதுல படுக்க வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு இருக்கும். ஓட்டிப் பார்த்தாச்சா இல்லையா, பெட்டியை இணைக்கிற கப்ளிங் மாத்தியிருக்கா, லைட் எரியுதா, எந்தப் பெட்டியில கீறல் இருக்கு, உள்ள ஸ்பாஞ்ச் பழசாயி ஒட்டுதா, எல்லாத்தையும் எழுதிடுவாங்க. போன்ல இருக்கிற ட்ரான்ஸ்லேட்டர் கேமராவைக் காட்டினா ஓரளவு படிக்க வருது. ஒரு சீட்டுல "இடது பக்கம் மூணாவது ஜன்னல் கீழ நகக்கீறல்"ங்கிற மாதிரி வந்துச்சு, நான் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு கிட்ட வெச்சுப் பார்த்தேன், ஒரு மயிரிழை கோடு இருந்துச்சு. இந்த நேர்மையை நான் ரொம்ப மதிக்கிறேன்.

கடையில இருந்தவர் என் வயசு தான் இருப்பாரு. நான் ஒரு இன்ஜினைக் கை காட்டினதும் வெள்ளை கிளவுஸ் போட்டுக்கிட்டு கேஸைத் திறந்தாரு, ஸ்பாஞ்சோட ஓரத்தை ஒரு விரலால அமுக்கினா வண்டி தானா மேல வருது, அதை ரெண்டு பக்கமும் பிடிச்சு எடுத்து கவுன்ட்டர் மேல இருக்கிற ஒரு மீட்டர் நீள தண்டவாளத்துல வெச்சாரு. முன் சக்கரம் உக்காந்துச்சான்னு விரல் நுனியால லேசா உருட்டிப் பார்த்துட்டு தான் டயலைத் தொட்டாரு. முதல்ல ஹெட்லைட் மட்டும் மங்கலா எரிஞ்சுது, வண்டி நகரல. இன்னும் கொஞ்சம் திருப்பினாரு, வண்டி எறும்பு ஊர்ற மாதிரி கிளம்புச்சு, ஒரு குலுக்கல் இல்ல. கடைசி வரைக்கும் போயி திரும்பி வந்துச்சு, வரும்போது இந்தப் பக்க லைட் அணைஞ்சு அந்தப் பக்கம் எரியுது. அப்புறம் தண்டவாளத்துல இருந்து எடுத்துத் திருப்பி அடியைக் காட்டினாரு, ஒரு சக்கரத்துல மட்டும் ரப்பர் வளையம் கொஞ்சம் வெடிச்சிருந்துச்சு, அதைப் பென்சில் முனையால தொட்டுக் காட்டிட்டு ஒரு பேப்பர்ல 300 யென் கம்மின்னு எழுதினாரு. எங்களுக்குள்ள ஒரு வார்த்தை பொது மொழி கிடையாது. 100 யென்னுங்கிறது நம்ம 60 ரூபாய்க்கு கொஞ்சம் கம்மி, ஆக அவரு குறைச்சது ஒண்ணும் பெரிய காசு இல்ல, ஆனா நான் கேக்காமலே குறைச்சாரு.

அந்தக் கடைங்கள்ல தரையோரமா ஜங்க் டப்பா ஒண்ணு இருக்கும். ஓடாத வண்டி, கதவு போன பெட்டி, ஒத்தை சக்கர செட்டு எல்லாம் கலந்து கிடக்கும், எடுத்தா திருப்பி வாங்க மாட்டாங்க. கைவேலை தெரிஞ்சவங்க அதைக் கிளறாம வரக்கூடாது. நான் 500 யென்னுக்கு ஒரு செத்த மோட்டார் வண்டி வாங்கிட்டு வந்து மக வீட்டு பால்கனியில உக்காந்து கழட்டினேன், மோட்டாருக்குள்ள சுத்துற கம்யூட்டேட்டர்ங்கிற செம்பு வளையத்துல கார்பன் படிஞ்சிருந்தது தான் கோளாறு, சுத்தம் பண்ணினதும் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

பொபொன்டெட்டான்னு ஒரு செயின் கடை இருக்கு, ஊர் ஊரா கிளை, அதுல பல கிளையில தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் வெச்ச பெரிய லேஅவுட் போட்டு வாடகைக்கு விடறாங்க. ஒரு டிராக்குக்கு நேரக் கணக்குல காசு கட்டிட்டு நம்ம வண்டியை ஓட்டலாம், வண்டி இல்லன்னா அவங்களே வாடகைக்குக் குடுப்பாங்க. பேரனைக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்து டிராக்ல ஆபீஸ் பையோட, டை கூட கழட்டாம ஒருத்தர் தனியா ஒரு கூட்ஸ் வண்டியை மெதுவா ஓட்டிட்டு இருந்தாரு, ஸ்டேஷன் வந்தா நிறுத்தி சிக்னலுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்து அப்புறம் எடுத்தாரு. பேரன் "தாத்தா, அவரு ஏன் நிறுத்துறாரு"ன்னு கேட்டான். ஸ்டேஷனுக்குள்ள வர விடுற ஹோம் சிக்னல்னா என்ன, கிளம்ப விடுற ஸ்டார்ட்டர்னா என்னன்னு அவனுக்கு அன்னைக்கு தான் சொன்னேன், என் பொண்ணு கூட சின்ன வயசுல என்கிட்ட இதைக் கேட்டதில்ல.

நிஷி-கசாய்ல தங்கறவங்களுக்கு இன்னொரு வசதி, அங்க ஓடுற டோசாய் லைன்லயே நிறைய இடம் இருக்கு. அடுத்த ஸ்டேஷன் கசாய், அங்க மேம்பாலத்துக்கு அடியிலயே சப்வே மியூசியம். 1927ல உயெனோ-அசகுசா நடுவுல முதல் சப்வே ஓடுச்சே, அந்த மஞ்சள் பெட்டி நிஜமாவே நிக்குது, பக்கத்துலயே டோக்கியோ சப்வே ஓடுறதைக் காட்டுற பெரிய மாடல் லேஅவுட். அதே லைன்ல மேற்குக் கடைசி நகானோ, அங்க நகானோ பிராட்வேன்னு 1966ல திறந்த காம்ப்ளக்ஸ், பழைய சாமான் கடைங்க அடுக்கடுக்கா இருக்கு, பழைய ரயில் டிக்கெட், பெயர்ப்பலகை, மாடல் எல்லாம் கிடைக்கும். அகிஹபாராவுக்கு அதே லைன்ல கயாபாச்சோவுல இறங்கி ஹிபியா லைன் மாறினா போதும்.

காடோ கம்பெனியோட சொந்தக் கடை நகரத்துக்கு வடமேற்குல இருக்கு, ஓஎடோ லைன்ல ஓச்சியாய்-மினாமி-நாகசாகி ஸ்டேஷன்ல இறங்கி நடக்கணும். அதைக் கண்டுபிடிக்க மேப்பே வேண்டாம், வாசல்ல கெய்க்யூங்கிற ரயில் கம்பெனியோட பழைய சிவப்பு ரயில் பெட்டி, நிஜப் பெட்டி, நிக்குது. அங்க வண்டியை விட எனக்குப் பிடிச்சது ஸ்பேர் பார்ட்ஸ். சக்கரம் மாட்டுற போகி தனியா, கியர் தனியா, மேல கரன்ட் கம்பியைத் தொடுற பேன்டோகிராஃப் தனியா, ஹார்ன் ஊதி சைஸுல இருக்கிறது கூட சின்னக் கவர்ல போட்டு நம்பரோட தொங்க விட்டிருக்காங்க. ஒரு ஸ்டோர் டெப்போவுல நின்ன மாதிரி இருந்துச்சு எனக்கு.

கின்சாவுல டென்ஷோதோன்னு ஒரு கடை, 1879ல ஆரம்பிச்சது, நகையும் வாட்சும் விக்கிறவங்க, அவங்களே பித்தளையில செஞ்ச இன்ஜினும் விக்கிறாங்க. லட்சக்கணக்கான யென் விலை. வாங்க முடியாது, ஆனா பார்க்கிறதுக்கு யாரும் தடுக்கல, ஸ்டீம் இன்ஜின் கனெக்டிங் ராடு, ரிவெட் ஒவ்வொண்ணும் எண்ணலாம்.

போறவங்களுக்கு நடைமுறையா சில விஷயம். பல கடை காலையில 11 மணிக்கு மேல தான் திறக்கும், வாரத்துல ஒரு நாள் லீவும் இருக்கும், அது ஞாயிறா இருக்காது, நடு வாரமா இருக்கும். ஒரு கடைக்கு ஒன்றரை மணி நேரம் பயணம் பண்ணிப் போய் ஷட்டரைப் பார்த்துட்டுத் திரும்பினேன், மழை வேற. கிளம்புறதுக்கு முன்னாடி அன்னைக்குத் திறந்திருக்கான்னு பார்த்துடுங்க. பெரிய கடைங்கள்ல 5,000 யென்னுக்கு மேல வாங்கினா பாஸ்போர்ட்டைக் காட்டினதும் 10 சதவீத வரியை அப்பவே கழிச்சாங்க, 2026 நவம்பர்ல இருந்து முதல்ல வரியோட கட்டிட்டு நாட்டை விட்டுக் கிளம்பும்போது திரும்ப வாங்குற முறைக்கு மாறுது, அதனால பாஸ்போர்ட் எப்பவும் பையில இருக்கட்டும். ரொம்ப முக்கியம் கரன்ட். அங்க வீட்டு கரன்ட் 100 வோல்ட், நம்ம ஊர் 230. அங்க வாங்கின கன்ட்ரோலரை இங்க கொண்டு வந்து நேரா பிளக்ல சொருகினா அந்த நிமிஷமே போச்சு, புகை தான் வரும். அடியில ஒட்டியிருக்கிற லேபிள்ல 100னு மட்டும் போட்டிருந்தா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம தொடாதீங்க. 12 வோல்ட் டிசி அடாப்டர்ல ஓடுற கன்ட்ரோலரா பார்த்து வாங்கிட்டா இங்க அடாப்டர் மட்டும் மாத்திக்கலாம், நான் அப்படித் தான் செஞ்சேன். வண்டிங்களைச் செக்-இன் பெட்டியில போடாம கையிலயே எடுத்துட்டு வாங்க.

இப்ப அந்தக் கவுன்ட்டர்ல ஓட்டிக் காட்டின இன்ஜின் எதுன்னு சொல்லணும், இந்தக் கடிதத்தை எழுத வெச்சதே அது தான். ஈடி75, சிவப்புக் கலர் ஏசி எலக்ட்ரிக் இன்ஜின், ஜப்பான்ல 1963ல இருந்து மொத்தம் 302 செஞ்சாங்க. மாடல்ல ஒம்போதரை சென்டிமீட்டர் நீளம், என் ஆள்காட்டி விரலை விடக் கொஞ்சம் பெருசு. அலமாரியில அதைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரல. நம்ம பீச்-தாம்பரம்-விழுப்புரம் மீட்டர் கேஜ் லைன்ல ஓடுச்சே யாம்-1 எலக்ட்ரிக் இன்ஜின், அதே முகஜாடை. யாம்-1உம் ஜப்பான்ல மிட்சுபிஷி செஞ்சது தான், அதே 1960கள்ல நம்ம லைனை 25,000 வோல்ட் ஏசிக்கு மாத்தினப்ப வந்தது. நம்ம மீட்டர் கேஜுக்கும் அவங்க கேஜுக்கும் 67 மில்லிமீட்டர் தான் வித்தியாசம், ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி தான் ரெண்டும். சின்ன வயசுல செங்கல்பட்டு பிளாட்பாரத்துல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நான் பார்த்த முதல் கரன்ட் இன்ஜின் யாம்-1. பின்னாடி அந்த செக்ஷன்லயே வேலையும் பார்த்தேன். 2004ல மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் வண்டிங்க நின்னப்ப கடைசி நாள் கூட்டத்துல நானும் நின்னேன்.

ஜப்பான்ல ஈடி75 பெரும்பாலும் ஓட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க, ஆனா கடைக்குப் போனா எந்த வருஷத்து மாடல், எந்த ஷெட்டு, எந்த நம்பர்னு கேட்டு வாங்கலாம். நம்ம யாம்-1க்கு அப்படி கடையில போய் வாங்க ஒண்ணு எங்கயும் நான் பார்க்கல. அதனால நானே செய்யலாம்னு இருக்கேன். ஓடுற அடிப்பாகம் அந்த ஈடி75ல இருந்து எடுத்துக்கலாம், மேல் பாடியைப் பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டி ஒட்டணும், அதுக்கு அளவு வேணும். கேப் ஜன்னல் எவ்வளவு அகலம், பக்கவாட்டு கிரில் எத்தனை, கூரை மேல சாமான் எந்த வரிசையில இருந்துச்சு, இதெல்லாம் ஞாபகத்துல இருந்து வரைஞ்சா தப்பாயிடும், நான் ரெண்டு தடவை வரைஞ்சு ரெண்டையும் கிழிச்சுட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்க பேப்பரை ரயில்வே குடும்பங்கள்ல நிறைய பேர் வாங்குறாங்க. லோகோ ஷெட்டுல வேலை பார்த்தவங்க, டிரைவரா இருந்தவங்க, அவங்க புள்ளைங்க யார்கிட்டயாவது யாம்-1ஓட பக்கவாட்டு போட்டோவோ, மேல இருந்து எடுத்த போட்டோவோ, பழைய டிராயிங் ஷீட்டோ இருந்தா உங்க அலுவலக முகவரிக்கு ஒரு காப்பி அனுப்பச் சொல்லி இதோட ஒரு வரி போட முடியுமா? வாரம் ஒரு தடவை நானே நேர்ல வந்து வாங்கிக்கிறேன். போட்டோ மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, கூரை தெரிஞ்சா போதும்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு சிக்னல் ஊழியர்,
பெரம்பூர், சென்னை